பதினொன்னே காலுக்கு ஒரு டப்பா கொய்யா

இருங்க, இருங்க. போனக் காட்டிக் காசு கட்டீராதீங்க. மிசினுக் கதவு இன்னும் தெறந்திருக்குது, பழம் அடுக்கி முடிக்கல. இப்பக் கட்டுனா காசு போயிரும், டப்பா விழுகாது. அப்பறம் என்னையத் திட்டுவீங்க. ரெண்டே நிமிசம்.

ஆமாங்க, என்ற மிசினுதான். பழமும் என்ற தோட்டத்துதுதான். பழனிக்குப் பக்கத்துல ஆயக்குடி. காலைல பறிச்சு, கழுவித் தொடைச்சு, டப்பாவுக்கு ரெண்டு பழம்னு போட்டு, ஆறு மணி பஸ்சுல ஏத்தீட்டு வந்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே வேலதான்.

உங்களுக்கு யாரு ஆசுபத்திரிக்குள்ள? சம்சாரங்களா? ஸ்கேனா? அப்ப எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகுமுங்க. எந்த ரூமுக்கு எத்தன நேரம்னு இந்த ஒரு வருசத்துல எனக்கே அத்துப்படி. உக்காருங்க. இந்தாங்க, இந்தப் பழம் ஒரு பக்கம் லேசாக் கன்னிப்போச்சு, மிசினுக்கு ஆகாது. திங்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். காசெல்லாம் வேண்டாம். உக்காருங்கங்க.

நான் அதிகம் பேசற ஆளில்லீங்க. எங்கூர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, சென்னியப்பன் எப்படின்னு. வாயில்லாத மனுசன்னுதான் சொல்லுவாங்க. அதனாலதான் இந்த மிசினே வந்துது.

முன்னால எங்களுக்கு ரோட்டோரத்துல கடை இருந்துதுங்க. பழனி போற ரோட்டுல, ஒரு தகரக் கொட்டாயி. நான் தோட்டத்தப் பாத்துக்குவேன், எங்கூட்டுக்காரி துளசிமணி கடையப் பாத்துக்குவா. காரு நின்னாப் போதும், அவ பேச ஆரம்பிச்சிருவா. எந்தூரு, எத்தன கொழந்தைக, மலைக்கு நடந்து ஏறுனீங்களா விஞ்சுல போனீங்களான்னு. அவ பேச்சுக்கே ரெண்டு கிலோ சேத்தி வாங்கீட்டுப் போவாங்க. போன தைக்கு முந்துன தையில அவ போயிட்டாளுங்க. நெஞ்சு வலின்னு சொன்னா, பழனிக்குக் கூட்டீட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

அப்பறம் நான் கடைல உக்காந்தேன். பத்து நாள் இருக்குமுங்க. ஒரு அம்மா வந்து ஒவ்வொரு பழமா நகத்துல அமுத்தி அமுத்திப் பாக்குது. அமுத்தாதீங்கன்னேன். வாங்கறவ பாக்க மாட்டனான்னுது. வாங்கவே வேண்டாம் போங்கன்னுட்டேன். இப்படியே நாலஞ்சு பேரு. அப்பறம் காரே நிக்கறதில்ல. கடையப் பூட்டிப்போட்டேன்.

எங்க பொண்ணு பெங்களூருல இருக்குதுங்க. கோகிலவாணி. ஒரே புள்ள. கம்ப்யூட்டர் வேல, மாப்பிள்ளைக்கும் அதே வேலதான். அவதான் வந்து பாத்துட்டு, "அப்பா, உங்களுக்குப் பேச்சு ஆகாது, பழம் நல்லா வெளைய வெப்பீங்க. பேசாமயே விக்கறதுக்கு ஒண்ணு இருக்குது"ன்னு இந்த மிசினச் சொன்னா. உள்ள ஃப்ரிட்ஜு மாதிரி எட்டு டிகிரி குளிரு. பழம் வாடாது. வர்றவங்க கண்ணாடி வழியாப் பாத்து, நெம்பர அமுத்திப் போன்ல காசு கட்டுனா, அந்தச் சுருள் கம்பி சுத்தி டப்பாவத் தள்ளி விட்டுரும். யாரும் அமுத்திப் பாக்க முடியாது, பேரம் பேச முடியாது. எனக்கு அது ரொம்பப் புடிச்சுதுங்க.

இந்த ஆசுபத்திரில எடம் கேட்டு, கையெழுத்துப் போட்டு, எல்லாம் அவதான் பண்ணுனா. என்ற போன்லயும் ஒண்ண ஏத்திக் குடுத்தா. ஒரு டப்பா வித்தா டிங்குன்னு மணி அடிக்கும். எந்தத் தட்டு, எத்தனாவது சுருளு, எத்தன மணிக்குன்னு காட்டும். தோட்டத்துல தண்ணி கட்டீட்டிருந்தாக்கூடத் தெரியும், கோயமுத்தூர்ல ஒருத்தரு பழம் வாங்கீட்டாருன்னு.

மொத மாசம் மணியே அடிக்கலீங்க. ஆசுபத்திரிக்கு வர்றவங்களுக்குப் பழம் வேணும்தான். ஆனா மிசின்ல கொய்யா இருக்கும்னு யாரு நெனைப்பா? பிஸ்கட்டு மிசினுன்னு பாத்துட்டுப் போயிருவாங்க. கொண்டு வந்த பழத்தத் திருப்பி எடுத்துட்டுப் போயி மாட்டுக்குப் போடுவேன். பொழுது சாஞ்சா வாணிக்குப் போன் பண்ணுவேன். "இன்னைக்கும் ஒண்ணும் போகல கண்ணு." அவ "பாக்கலாங்ப்பா"ம்பா. வெச்சிருவேன். அவ்வளவுதான் பேச்சு. வேற என்னத்தப் பேசறது? அவுங்கம்மா இருக்கறப்ப அவகூடத்தான் பேசுவா. கடைசியா என்ற காதுல போன வெப்பாங்க, "சாப்டீங்களாப்பா?" "ஆச்சு." முடிஞ்சுது.

அப்பறம் ஒரு நாள், ஆவணி மாசம், நான் மரத்துக்குக் கெளைய வெட்டிக் கவாத்துப் பண்ணீட்டிருக்கறேன், டிங்குன்னுது. எடுத்துப் பாத்தா நாலாந்தட்டு, மூணாவது சுருளு, பதினொன்னே காலு. ஒரு டப்பா! நானு கத்தியக் கீழ போட்டுட்டு அங்கயே மரத்தடில உக்காந்துட்டேனுங்க. அடுத்த நாளும் அதே பதினொன்னே காலு, அதே சுருளு. அதுக்கடுத்த நாளும். ஞாயித்துக்கெழமகூட.

மொத டப்பா விழுந்த அன்னைக்கே சாயங்காலம் வாணிக்குப் போன் பண்ணிச் சொன்னேன் பாருங்க, எனக்கே வாய் நிக்கல. ஞாயித்துக்கெழம மறுபடி சொன்னேன். "ஒரு ஆளு தெனமும் வர்றாங்க கண்ணு. நம்ம பழத்துக்குன்னே வர்றாங்க."

"யாரா இருக்கும்னு நெனைக்கறீங்கப்பா?"ன்னு கேட்டா.

நான் யோசிச்சு வெச்சிருந்தேனுங்க. மேல மாடில புருசனப் படுக்க வெச்சிருக்கற ஒரு பொம்பள. பதினோரு மணிக்கு டாக்டரு பாத்துட்டுப் போயிருவாரு. அதுக்கப்பறந்தான் அதுக்குக் கீழ எறங்கி வர முடியும். அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும். தெனமும் ஒரே சுருள அமுத்துதுன்னா, அது ஒண்ணப் புடிச்சா அதுலயே நிக்கற சுபாவம்.

"அம்மா மாதிரியாப்பா?"

"சேச்சே, உங்கம்மா மாதிரியெல்லாம் இல்ல. இது பேசாத பொம்பள"ன்னேன். வாணி சிரிச்சா.

அன்னையிலிருந்து தெனமும் பேச்சு இதுதாங்க. இன்னைக்கு வந்தாங்களாப்பாம்பா. வந்தாங்க கண்ணும்பேன். நாலாந்தட்டு மூணாவது சுருளுக்குன்னு பழத்தத் தனியாப் பறிக்க ஆரம்பிச்சேன். ரொம்பப் பழுத்தது போடறதில்ல, ரொம்பக் காயும் போடறதில்ல. உள்ள செவப்பா, விதை கம்மியா இருக்கற மரம் ஒண்ணு கெணத்தோரம் இருக்குது, அதுலதான் பறிப்பேன். மத்த தட்டுலயும் மெதுவா மெதுவா யாவாரம் ஆச்சுங்க. நர்சுக வாங்குனாங்க, சக்கரை நோவுக்காரங்க வாங்குனாங்க. ஆனா மணி அடிச்சா நான் பாக்கறது பதினொன்னே கால் மணிதான். பழம் அடுக்குன கையோட பத்தரை மணி பஸ்சுக்குத் திரும்பீருவேன், அதனால ஆள நேர்ல பாத்ததில்ல. ஒரு தடவ டப்பாவுக்குள்ள ஒரு சீட்டுக்கூட எழுதி வெச்சேன். 'பழம் எப்படி இருக்குதுங்க, உங்க ஊட்டுக்காரருக்குத் தேவலையா'ன்னு எழுதி என்ற நெம்பரும் போட்டேன். கூப்புடல. கூச்சம் போலன்னு விட்டுட்டேன்.

மாசியில ஒரு நாள் பதினோரு மணிக்கு வாணியே கூப்புட்டா. அந்நேரத்துல அவ கூப்புடறதே இல்ல. "அப்பா, ஒரு விசயம் சொல்லோணும்"னா. சொல்லு கண்ணுன்னேன். என்னமோ மென்னு முழுங்கறா. அதுக்குள்ள எனக்கு மணியாகுது, பதினொன்னே காலு தாண்டுது, டிங்கு வரல. "இரு கண்ணு, இன்னைக்கு இன்னும் டப்பா விழுகல, என்னன்னு தெரியல, அப்பறம் பேசு"ன்னு வெச்சுட்டேன். வெச்ச ஒரு நிமிசத்துல டிங்குன்னுதுங்க. எனக்கு அப்பத்தான் உசுரு வந்துது. அப்பறம் அவளும் அதச் சொல்லல, நானும் கேக்கல. மிசினு சங்கதி ஏதாவது இருக்கும்.

பங்குனியிலதான் நின்னு போச்சுங்க.

ஒரு நாள் அடிக்கல. சரி, ஆளு எங்கியாவது போயிருக்கும். ரெண்டாம் நாளும் அடிக்கல. மூணாம் நாள் பறிச்ச பழத்த அப்படியே வெச்சுட்டு வெறுங்கையோட பஸ்சு ஏறி வந்துட்டேன். பறிப்பு நேரமுங்க அது, கூலி ஆளுக தோட்டத்துல நின்னுட்டு எங்கடா போனான்னு தேடறாங்க. நான் இங்க, இதே பெஞ்சுல உக்காந்திருக்கறேன். பதினொன்னே காலு ஆச்சு, பன்னெண்டு ஆச்சு, யாரும் வரல. வாட்ச்மேன்கிட்டக் கேட்டேன். ரெண்டு நர்சுககிட்டக் கேட்டேன். மாடிக்குப் போயி ஒவ்வொரு வார்டாப் பாத்தேன், அம்பத்தஞ்சு வயசுல ஒரு பொம்பள, புருசன் படுத்திருக்கறாருன்னு. அந்த மாதிரி எத்தன பேருங்க இருப்பாங்க! ஒருத்தங்க, "எங்க வீட்டுக்காரரு முந்தாநாள் தவறிட்டாரு, நீங்க யாரு?"ன்னாங்க. கொய்யாப்பழம் வாங்குவீங்களான்னு கேட்டேன். அவங்க என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாங்க.

அப்படி மொத்தம் ஒம்பது நாளு. சோறு எறங்கல. அந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சோ, அது புருசனுக்கு என்ன ஆச்சோன்னு அதே நெனப்பு.

என்னங்க? வாணியா? இல்லீங்க, அந்த ஒம்பது நாளும் அவ போன் பண்ணல. நான் ரெண்டு தடவ பண்ணுனேன், மாப்பிள்ளதான் எடுத்தாரு. "அவ தூங்கறா மாமா"ன்னாரு. வேல ஜாஸ்தி போலன்னு நெனச்சேன். எனக்கும் அப்ப யாருகூடவும் பேசற நெலமையில்ல.

பத்தாம் நாள் பழம் அடுக்கீட்டு இந்தா இங்க நிக்கறேன். மிசினுக்கு முன்னால ஒரு ஈ காக்கா இல்ல. பதினொன்னே காலு. என்ற சட்டைச் சோப்புல இருந்த போனு டிங்குன்னுதுங்க. மூணாவது சுருளு கரக்குன்னு சுத்துது. டப்பா நவுந்து வந்து தொப்புன்னு விழுகுது. ஆளே இல்ல! அந்த நேரத்துல இங்க கூட்டித் தொடைக்கற ஜெயசீலின்னு ஒரு பொண்ணு, மாப்பக் கையில புடிச்சுட்டு வந்து, குனிஞ்சு, டப்பாவ எடுத்து இடுப்புல சொருகீட்டு நடக்குது.

"ஏம்மா, நில்லு! அது யாரு டப்பா?"

அது பயந்து போச்சு. "தெரியலீங்ணா. தெனமும் இந்நேரத்துக்குத் தானா ஒண்ணு விழும். மொதல்ல ரெண்டு நாள் அப்படியே கெடந்துது. வீணாப் போகுதேன்னு அப்பறம் நான் எடுத்துக்கிட்டேன். எம் பொண்ணுக்கு ரொம்பப் புடிக்கும். நடுவுல ஒம்பது நாளா விழல, இன்னைக்குத்தான் மறுபடி."

"சீட்டு ஒண்ணு இருந்துச்சே?"

"இருந்துதுங்ணா. யாருக்கோ எழுதுனது, நமக்கெதுக்குன்னு போட்டுட்டேன்."

இந்தப் பொண்ணு நான் வந்த அத்தன நாளும் என்னையச் சுத்தித்தான் தொடைச்சுட்டிருந்துதுங்க. காலத் தூக்குங்கண்ணான்னுகூடச் சொல்லுச்சு. கூட்டற பொண்ணுகிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு நான் கேக்கல.

மிசினு கம்பெனித் தம்பிக்குப் போன் பண்ணுனேன். என்னப்பா, உங்க மிசினு தானா டப்பாவத் தள்ளுதுன்னேன். அவன் பாத்துட்டு, "தானாவெல்லாம் தள்ளாதுங்ணா. யாருக்காவது டப்பா மாட்டிக்கிச்சுன்னா, எங்கிருந்து வேணாலும் ஓனரு போன்ல அமுத்தித் தள்ளி விடலாம். தெனமும் பெங்களூர்ல இருந்து அமுத்தறாங்க. காசும் அங்கிருந்தேதான் கட்டறாங்க"ன்னான்.

நீங்களே சொல்லுங்க, எப்படி இருக்கும் எனக்கு? ஏழு மாசம். ஏழு மாசம் பெத்த பொண்ணு என்னைய ஏமாத்தியிருக்கறா. இல்லாத ஒரு பொம்பளைக்கு நான் மரம் பாத்துப் பழம் பறிச்சிருக்கறேன். அங்கயே நின்னு அவளக் கூப்புட்டேன். எடுத்தா.

"என்னையப் பைத்தியக்காரன் ஆக்கிப்போட்டயே கண்ணு!"

"மொத மாசம் தெனமும் கூப்புட்டு ஒண்ணும் போகலன்னு சொல்லி வெச்சிருவீங்கப்பா. கஷ்டமா இருந்துது. ஒரு நாள் நானே ஒண்ணு அமுத்தி விட்டேன். அன்னைக்கு நீங்க எங்கூட முக்கா மணி நேரம் பேசுனீங்க. எனக்கு முப்பத்தொரு வயசாச்சு, ஒரு நாளும் நீங்க அப்படிப் பேசுனதில்ல. அதான் நிறுத்த முடியல"ன்னா.

"அப்ப எதுக்கு ஒம்பது நாளு நிறுத்துன? நான் இங்க வார்டு வார்டா அலஞ்சிருக்கறேன், தெரியுமா?"

"ஒடம்பு சரியில்லீங்ப்பா."

"போன்ல ஒரு பட்டன அமுத்தறதுக்கு என்ன பெரிய ஒடம்பு?"ன்னு கேட்டேன். நான் கேட்டது ஞாயந்தானுங்களே? அந்தக் கோவத்துல அப்படித்தானுங்க வரும். அவ வெச்சுட்டா.

அப்பறம் ஒரு மாசம் நாங்க பேசிக்கல. நான் பண்ணல, அவளும் பண்ணல. பதினொன்னே காலு மணியும் அடிக்கல.

சித்திரை கடைசில மாப்பிள்ள கூப்புட்டாரு. பிரகதீசு ரொம்ப மரியாதையான பையனுங்க, சத்தமாப் பேசவே மாட்டாரு. "மாமா, அவ சொல்லக் கூடாதுன்னா, இருந்தாலும் சொல்றேன். வாணிக்கு நாலு மாசமா இருந்துது. பங்குனில கலைஞ்சிருச்சு. ரத்தம் ரொம்பப் போயி ஒம்பது நாள் ஆசுபத்திரில இருந்தா. அப்பாவுக்குப் பறிப்பு நேரம், தனியா அலைவாரு, சொல்லாதீங்கன்னு என்ற கையப் புடிச்சுட்டா. பத்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டீட்டு வந்தேன். செருப்பக்கூடக் கழட்டல, சோபாவுல உக்காந்து மொதல்ல போன எடுத்து உங்க மிசின அமுத்துனா. அரை மணி நேரத்துல நீங்க கூப்புட்டீங்க."

எனக்குத் தெரியாதுங்க. முழுகாம இருக்கறான்னே எனக்குத் தெரியாது. எனக்கு யாரு சொல்றது? இதெல்லாம் அவுங்கம்மாகிட்டத்தான் சொல்லுவா.

அடுத்த நாளே ஒரு பையில பழத்தப் போட்டுட்டுப் பெங்களூரு போயிட்டேன். கதவத் தெறந்தா. எளச்சுப் போயிருந்தா. கழுத்தெலும்பு தெரியுது. "வாங்கப்பா"ன்னா. நான் என்ன கேட்டேன் தெரியுமுங்களா? "இந்தப் பழத்த ஃப்ரிட்ஜுல வைய்யி, எட்டு டிகிரிக்குக் கீழ போகாமப் பாத்துக்கோ"ன்னேன். வாசப்படில நின்னுட்டு, மொத வார்த்தையா. பஸ்சுல வர்றப்ப வேற வேற யோசிச்சுட்டுத்தான் வந்தேன்.

ரெண்டு நாள் இருந்தேன். குளிக்கற ரூம்புல குழாய் ஒழுகீட்டிருந்துது, அத மாத்துனேன். பால்கனில துணி கட்டற கயிறு தொங்கிப் போயிருந்துது, இழுத்துக் கட்டுனேன். அவ சோபாவுல அந்தக் கோடில உக்காந்திருப்பா, நான் இந்தக் கோடில. டிவில எதோ ஓடும். "ஜெயசீலின்னு ஒரு பொண்ணு, அதுதான் அந்த டப்பாவ எடுத்துட்டுப் போயிட்டிருந்துது. இப்ப நான் வர்ற அன்னைக்கெல்லாம் கையிலயே ஒரு டப்பா குடுத்தர்றேன்"ன்னேன். வாணி சிரிச்சா. சிரிச்சுட்டே எந்திரிச்சுச் சமையக்கட்டுக்குப் போனா, ரொம்ப நேரம் வரல. உள்ள குழாயத் தெறந்து விட்ட சத்தம் கேட்டுது. நான் போயிப் பாக்கலீங்க. போகோணும்னுதான் இருந்துது. போயி என்னத்தப் பண்ணறதுன்னு தெரியல. துளசிமணி இருந்திருந்தா அவ பின்னாலயே போயிருப்பா.

இப்பவும் பேசிக்கறோமுங்க. அதெல்லாம் ஒண்ணுமில்ல. வாரத்துக்கு மூணு நாலு தடவ. மிசினு எத்தன டிகிரி காட்டுது, எந்தத் தட்டு காலியாச்சு, அதுதான். அவ போன்ல எல்லாமே தெரியும் அவளுக்கு. இருந்தாலும் கேப்பா. நானும் சொல்லுவேன்.

இத நான் ஊர்ல யாருகிட்டயும் சொல்லலீங்க. சொந்தபந்தம், ஒரம்பரை சரத்து யாருக்கும் தெரியாது. சொன்னா பொம்பளைக வந்து ஒப்பாரி வெப்பாங்க, அவளுக்குப் போன் பண்ணித் துக்கம் விசாரிப்பாங்க. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். நீங்க யாரோ, நான் யாரோ.

பெங்களூர்ல இருந்து கெளம்புன அன்னைக்குப் பஸ்சு ஏத்தி விட அவளே வந்தா. வேண்டாம், வெயிலுன்னேன், கேக்கல. நான் சன்னலோரம் உக்காந்துட்டேன். அவ கீழ நின்னு கம்பியப் புடிச்சுட்டிருக்கறா. பஸ்சு உறுமுது. அப்ப, "அப்பா"ன்னா.

"என்ன கண்ணு?"

"பேரு வெச்சிருந்தோம். பையனா இருந்தாலும் பொண்ணா இருந்தாலும் ஒரே பேரு, ரெண்டுக்கும் ஆகற மாதிரி. நான்தான் யோசிச்சேன்."

சொல்லீட்டு என்ற மூஞ்சியப் பாத்துட்டே நிக்கறா. நான் என்ன பேருன்னு கேப்பேன்னு நிக்கறா. எனக்குத் தெரியுது. வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. கண்டக்டரு விசிலடிச்சுட்டான். "சரி கண்ணு, நெழல்ல நில்லு, ஒடம்பப் பாத்துக்கோ"ன்னேன். வண்டி நவுந்துருச்சு. அவ கையக் கம்பியிலிருந்து எடுத்துட்டா.

ஓசூரு தாண்டி, தருமபுரி தாண்டி, சேலம் வர்ற வரைக்கும் ஒவ்வொரு பேரா நானே வெச்சு வெச்சுப் பாத்தேனுங்க. பையனுக்கும் ஆகோணும், பொண்ணுக்கும் ஆகோணும். சத்தமாவே சொல்லிப் பாத்தேன் போல, பக்கத்து சீட்டுக்காரரு என்னங்கன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லீட்டு வெளிய பாத்தேன். ஒரு பேரும் சரியா வரல.